மூன்று நாள் லீவும் இரண்டு பேருக்கும்தான்

தங்கச்சி, 2026இல் காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமையில் வருகிறது. அக்டோபர் 2, 3, 4 என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு. வியாழக்கிழமை சாயங்காலமே சில்க் போர்டில் தொடங்கி அத்திப்பள்ளி வரை ஓசூர் ரோடு அடைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகிற ஆம்னி பஸ்ஸில் டிக்கெட் விலை ஏறிப்போய் நிற்கும். நவம்பர் 8 தீபாவளிக்கு எப்படியும் ஊருக்கு வரத்தான் போகிறீர்கள். இந்த முறை இரண்டு பேரும் பெங்களூரிலேயே இருங்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆபீஸ், மளிகை, ட்ராஃபிக் தவிர இந்த ஊரில் வேறெதையும் பார்க்கவில்லை என்று போனில் சொல்கிறாய். வீட்டிலும் ஒவ்வொரு வேலையாகத் தேங்கிக் கிடக்கிறது என்கிறாய். இரண்டுக்கும் இந்த மூன்று நாள் தாராளம்.

நான் சொல்லும் ஏற்பாடு சுலபம். ஒரு நாளைக்கு வெளியே ஒரு இடம், வீட்டில் ஒரு வேலை. காலையில் ஊர், மதியச் சாப்பாட்டுக்கு மேல் வீடு. இந்த வரிசைக்குக் காரணம் மழை. செப்டம்பரும் அக்டோபரும் பெங்களூருக்கு நல்ல மழை மாதங்கள். காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் மத்தியானத்துக்கு மேல் கறுத்து, சாயங்காலம் இடியோடு கொட்டும். தாழ்வான ரோடுகளில் தண்ணீர் நின்றுவிட்டால் அரை மணி நேர வழி இரண்டு மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டுக்குள் வீடு திரும்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். லீவு என்றால் நம் வீடுகளில் பெண்ணுக்கு வேலை கூடும். மூன்று வேளையும் ஆள் வீட்டில் இருப்பதால் மூன்று வேளையும் அடுப்பு எரியும், பாத்திரம் சேரும். நீயும் அவரைப் போலவே வாரம் முழுக்க ஆபீஸுக்குப் போகிறவள். இந்த மூன்று நாளில் உனக்கும் லீவு கிடைக்க வேண்டும். காலை டிபன் மூன்று நாளும் வெளியே. மதியம் ஒரே ஒரு குழம்பு, ஒரு பொரியல். ராத்திரிக்குக் கடை மாவில் இட்லியோ தோசையோ. மாப்பிள்ளை, இது உங்களுக்கு: சனிக்கிழமை மதியச் சமையல் முழுக்க உங்களுடையது. பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவளைக் கேட்காமல் தேடிப் பாருங்கள், கிடைத்துவிடும்.

வியாழக்கிழமை ராத்திரி ஒரு தாளை எடுத்து வைத்து இரண்டு பேரும் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு இடம், ஆளுக்கு ஒரு வேலை எழுதுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடிக்கக் கூடாது. மூன்றாவது இடத்தையும் மூன்றாவது வேலையையும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நீங்கள் எழுதுவதற்கு உதவியாகத்தான் என் யோசனைகளைக் கீழே சொல்கிறேன்.

பட்டியலில் ஏற வேண்டாத இடம் நந்தி மலை. 1478 மீட்டர் உயரத்தில் மேகத்துக்கு நடுவே சூரியன் எழுவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் லாங் வீக்கெண்டில் விடிவதற்கு முன்பே அடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். மேலே போய்ச் சேர்வதற்குள் சூரியன் எப்போதோ வந்திருக்கும். வாரநாளில் ஒரு லீவு போட்டுவிட்டுப் போங்கள். அப்போது அடிவாரத்தில் இருக்கும் போக நந்தீஸ்வரர் கோயிலையும் நிதானமாகப் பார்க்கலாம்.

வெள்ளி: லால்பாக், அப்புறம் குழாய்

முதல் நாள் லால்பாக் போங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் லைன் மெட்ரோ பெரிய வசதி. ஆர்.வி. ரோடு ஸ்டேஷனில் பச்சை லைனுக்கு மாறினால் லால்பாக் ஸ்டேஷன் பக்கத்தில்தான். ஒயிட்ஃபீல்டு பக்கம் இருந்து வருபவர்கள் ஊதா லைனில் மெஜஸ்டிக் வந்து மாறிக்கொள்ளலாம். ஸ்மார்ட் கார்டு வாங்கி வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமையிலும் அக்டோபர் 2 போன்ற தேசிய விடுமுறை நாளிலும் கார்டுக்கு 10 சதவீதத் தள்ளுபடி கொடுக்கிறார்கள்.

லால்பாக் 1760இல் ஹைதர் அலி போட்ட தோட்டம். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளும் விதைகளும் தருவித்து அதை வளர்த்தார். இன்று 240 ஏக்கர். மேற்கு கேட் மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. அதில் நுழைந்து மரங்களினூடே நடந்தால் கண்ணாடி மாளிகை வரும். 1889இல் அடிக்கல் நாட்டிய கட்டடம். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க் கண்காட்சி நடப்பது இங்கேதான். அந்த நாட்களில் கால் வைக்க இடமிருக்காது. காந்தி ஜெயந்திக்குக் கண்காட்சி இல்லை என்பதால் நீங்கள் நின்று பார்க்கலாம். பிறகு பாறை மேல் ஏறுங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும், முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாசி இருக்கும். காலுக்குக் கீழே இருப்பது சுமார் 300 கோடி ஆண்டு வயதான பாறை. தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். உச்சியில் கெம்பே கௌடா பெயரில் இருக்கும் சின்னக் கோபுரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

டிபனுக்கு மெயின் கேட் வழியாக வெளியே வந்தால் எம்.டி.ஆர். நடக்கிற தூரம். 1924இல் தொடங்கிய ஓட்டல். இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவை இட்லி இங்கேதான் பிறந்தது என்று அவர்கள் சொல்வார்கள். லீவு நாளில் கூட்டம் இருக்கும், பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காந்தி பஜார் வித்யார்த்தி பவனின் மசால் தோசைக்கு ஆசைப்பட்டால் அதை வேறு நாளைக்கு வை. அங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் எந்தத் தர்ஷினியிலும் நின்றுகொண்டே சாப்பிட்டு ஒரு ‘பை டூ காபி’ சொல்லுங்கள். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதி பாதியாக ஊற்றிக் கொடுக்கும் இந்த வழக்கம், புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் நல்ல விஷயங்களில் ஒன்று.

மதியத்துக்கு மேல் தண்ணீர் வேலை. இதைத்தான் முதல் நாளில் வைக்க வேண்டும். ஏதாவது பொருள் பொருந்தவில்லை என்றால் மறுநாள் கடைக்குப் போய் மாற்ற நேரம் இருக்கும். எஸ்.பி. ரோடு பக்கம் பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிறு லீவு. லாங் வீக்கெண்டில் பிளம்பரும் ஊருக்குப் போயிருப்பார். ஆகவே சுவருக்குள் போகும் பைப்பைத் தொடவே கூடாது. வெளியே தெரிகிற குழாய், ஷவர், இவை மட்டும்தான் உங்கள் வேலை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த ஊர்த் தண்ணீர் சாதாரணமாக வருவதில்லை. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்ப் செய்து ஏற்றப்படுகிறது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது ஊர் பட்ட பாடு உனக்கும் தெரியும். அந்த மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே மாதத்தில்தான் குழாய்களில் ஏரேட்டர் போடச் சொல்லி ஓட்டல்களையும் வணிகக் கட்டடங்களையும் அபார்ட்மெண்டுகளையும் வாரியம் நெருக்கியது. அந்த அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியதும் நிலைமை தேறியது. தேறிவிட்டது என்பதற்காகக் குழாயைத் திறந்து விட முடியாது.

ஏரேட்டர் என்பது குழாய் முனையில் திருகும் சின்ன வலைத் துண்டு. தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுவதால் பாத்திரம் கழுவ அதே சுகம் இருக்கும், செலவாகும் தண்ணீர் வெகுவாகக் குறையும். முதலில் ஒரு லிட்டர் சொம்பை வைத்துக் குழாயை முழுக்கத் திறந்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணிக்கொள். மாட்டிய பிறகு மறுபடி எண்ணிப் பார். வித்தியாசம் உனக்கே தெரியும். கடைக்குப் போகும்போது குழாய் முனையில் மரை உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்த்துக்கொண்டு போ. பழைய துண்டு கழன்று வந்தால் அதையே கையில் எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. கூடவே ஒரு டெஃப்லான் டேப், இரண்டு மூன்று வாஷர் வாங்கிக்கொள். வியாழக்கிழமையே வாங்கிவிடு.

வேலை தொடங்கும் முன் அந்தக் குழாய்க்குப் போகும் வால்வை மூடு. மூடினேன் என்று சொன்னால் போதாது, குழாயைத் திறந்து தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார். சிங்க் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிடு. இல்லையென்றால் சின்ன வாஷர் உள்ளே போய்விடும். ஸ்பேனரின் பல் படும் இடத்தில் பழைய துணி சுற்றினால் குரோம் பூச்சில் கீறல் விழாது. டெஃப்லான் டேப்பை மரையின் முனை உன்னைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வந்துவிடும்.

ஷவரில் தண்ணீர் கோணல்மாணலாக அடிக்கிறதா? போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கவரில் வெள்ளை வினிகர் ஊற்றி, ஷவர் முகம் அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் விடு. பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் துளைகள் திறந்துகொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை, இதை மறக்கவே கூடாது: வினிகர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரோ, ப்ளீச் சேர்ந்த கிளீனரோ படக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். கீஸருக்குள் படிந்த உப்பை எடுப்பது மெக்கானிக் வேலை, அதில் கை வைக்காதீர்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்யும்போதுதான் சண்டை வருகிறது. அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. எந்த வேலைக்கு யார் தலைவர் என்று முன்பே பேசிவிடுங்கள். குழாய் வேலைக்கு நீ தலைவி என்றால் அவர் டார்ச் பிடிக்கட்டும், கேட்ட கருவியை எடுத்துக் கொடுக்கட்டும், கேட்காத யோசனையைச் சொல்லாமல் இருக்கட்டும். அடுத்த நாள் பரண் வேலைக்கு அவர் தலைவர் என்றால் நீயும் அப்படியே. பாதி வேலையில் அப்பாவுக்கோ மாமனாருக்கோ போன் போட்டு யார் சொன்னது சரி என்று கேட்பது கூடவே கூடாது.

சனி: புரட்டாசிச் சனி, பரண்

அக்டோபர் 3 புரட்டாசிச் சனிக்கிழமை. திருப்பதி போக முடியவில்லையே என்று நினைக்காதே. தொம்மலூரில் சொக்கப்பெருமாள் இருக்கிறார், இங்கே சொக்கநாதசுவாமி கோயில் என்பார்கள். பெயரைக் கேட்டால் மதுரைச் சிவன் நினைவுக்கு வரும், ஆனால் இவர் பெருமாள்தான். சோழர் காலத்துக் கோயில். கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் ஒருவரும் அவர் மனைவியும் சேர்ந்து இந்தப் பெருமாளுக்குக் கொடுத்த கொடை பதிவாகியிருக்கிறது. பெங்களூரில் நம் தமிழ் நேற்று வந்தது என்று யாராவது சொன்னால் இந்தக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. இந்திராநகர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோவில் போய்விடலாம். உன் ஆதாரில் பெங்களூர் முகவரி மாற்றிவிட்டாயா? மாற்றியிருந்தால் சாதாரண பி.எம்.டி.சி. பஸ்ஸில் உனக்கு டிக்கெட் இல்லை. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்களுக்கு இலவசம். கண்டக்டரிடம் அட்டையைக் காட்டி ஜீரோ டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இது மகாளய பட்சம். புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம் என்று அத்தை சொன்னால் வாதாட வேண்டாம். பழையதை ஒழுங்கு செய்ய இதைவிட நல்ல சமயம் இல்லை. அக்டோபர் 11 நவராத்திரி தொடங்குகிறது. ஒரு வாரம் முன்பாகவே பரணைக் காலி செய்துவிட்டால் கொலுவுக்கு முந்தின ராத்திரி மூச்சுத் திணற வேண்டியதில்லை.

பரணில் ஏற ஏணி வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நாற்காலி வைத்து ஏறுவதை நான் கேள்விப்படக் கூடாது. அபார்ட்மெண்ட் ஆபீஸில் கேட்டால் ஏணி கொடுப்பார்கள். எல்லாவற்றையும் இறக்காதே, ஒரு பக்கம் மட்டும் இறக்கி முடித்துவிட்டு அடுத்த பக்கம் போ. கொலுப் பொம்மைகளை ஈரத் துணியால் துடைக்காதே, மண் பொம்மையிலும் காகிதக் கூழ் பொம்மையிலும் வண்ணம் கையோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். கை உடைந்த பொம்மையைத் தூக்கிப் போடாமல் தனியாக எடுத்து வை, ஒட்டிவிடலாம்.

வெளியே போகிற சாமான்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட முடியாது. இந்த ஊரில் ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி குப்பை மூன்றும் தனித்தனி. பழைய சார்ஜர், செத்த பேட்டரி, ட்யூப்லைட் ஆகியவை மின்கழிவு. அவற்றைத் தனி அட்டைப் பெட்டியில் சேர்த்து வைத்து, அதற்கென்று எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அட்டை, பழைய பேப்பர் எல்லாம் உலர் குப்பை சேகரிப்பு மையத்துக்கு.

இடம் இருந்தால் பால்கனியில் ஒரு உரத் தொட்டியும் தொடங்கிவிடு. நவராத்திரி, ஆயுத பூஜை என்றால் வீட்டில் பூவும் வாழை இலையும் பழத்தோலும் குவியும். காற்று போக ஓட்டை உள்ள மண் தொட்டி எதுவானாலும் சரி. பெங்களூரில் டெய்லி டம்ப் நிறுவனத்தார் மூன்று அடுக்குக் கம்பா என்று இதற்காகவே செய்கிறார்கள். காய்கறிக் கழிவு ஒரு அடுக்கு போட்டதும் அதை மூடும்படி தேங்காய் நார்த் தூளோ காய்ந்த இலையோ போட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் நார்த் தூள் போட்டுக் கிளறிவிடு. சமைத்த சாதம், கறி மீன் கழிவு ஆரம்பத்தில் வேண்டாம். தீபாவளி தாண்டி, மார்கழிக் கோலம் போடும் நேரத்துக்குக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு உரம் தயாராகிவிடும்.

படம் மாட்ட, ஷெல்ஃப் போட என்று சுவரில் துளை போடும் ஆசை இருந்தால் ஓனரிடம் மெசேஜில் கேட்டு, பதிலும் எழுத்தில் வந்த பிறகு போடுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது இங்கே வழக்கம், துளைகளுக்குத் தனிக் கணக்கு வேறு வரும். பல அபார்ட்மெண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை டிரில் சத்தத்துக்கு அனுமதி கிடையாது.

ஞாயிறு: அல்சூர், பேப்பர்கள்

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும், அவசரப்பட வேண்டாம். அல்சூரில் இறங்கி சோமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஏரிப் பக்கம் நடந்தால் திருவள்ளுவர் சிலை. 1991இல் வைத்து, பதினெட்டு வருடம் துணி மூடியே நின்று, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த சிலை. எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஏரிக்குப் பக்கத்திலேயே 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகம் உண்டு. உறுப்பினராவது எப்படி என்று கேட்டு வை. மரநிழலில் நடந்தால் போதும் என்றால் கப்பன் பூங்கா. ஞாயிறுகளில் உள்ளே வண்டி விடுவதில்லை.

மதியம் பேப்பர் வேலை. வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், இன்ஷூரன்ஸ், கல்யாணப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைலில் வரட்டும். அந்த ஃபைல் இருக்கும் இடம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் பி.எஃப். தளத்தில் நுழைந்து நாமினேஷனைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்டிருந்த நாமினேஷன் கல்யாணத்துக்குப் பிறகு செல்லாது, புதிதாகப் போட வேண்டும். நாமினியின் புகைப்படமும் ஆதார் விவரமும், ஓ.டி.பி. வரும் போனும் கையில் இருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டிருப்பவர்கள் உன் ஆபீஸில் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கும் சொல். எழுந்திருக்கும் முன் மெயின் போர்டில், கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பட்டனை ஒரு தரம் அழுத்திப் பார். உடனே கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் திங்கட்கிழமை முதல் வேலை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது.

நான்கு மணியோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முடியாத வேலை இருந்தால் தாளில் அப்படியே இருக்கட்டும், கருவிகள் பெட்டிக்குள் போகட்டும். மாப்பிள்ளை, திங்கட்கிழமைக்கான துணியை இஸ்திரிக்குக் கொடுப்பதும் டிபன் பாக்ஸுக்குக் காய் நறுக்கி வைப்பதும் அன்று சாயங்காலம் உங்கள் பொறுப்பு. மறுநாள் காலை அவளுக்கும் ஆபீஸ் இருக்கிறது.